வெள்ளையருக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த ஸ்குவாண்டோ

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்குவாண்டோ என்ற பெயர் நன்றாகத் தெரியும். பட்டினி கிடந்த வெள்ளையருக்குச் சோளம் பயிரிடச் சொல்லிக்கொடுத்த நல்ல செவ்விந்தியர் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். கதை பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். காட்டில் வாழ்ந்த அந்த மனிதருக்கு ஆங்கிலம் எப்படி வந்தது, கடைசியில் அவர் கதி என்ன ஆயிற்று என்பதெல்லாம் பலருக்குத் தெரியாது.

அவருடைய பெயர் டிஸ்குவாண்டம். வெள்ளையர் வாயில் அது ஸ்குவாண்டோ ஆயிற்று. அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த பட்டக்செட் அவருடைய ஊர். வாம்பனோக் இனத்தாரின் ஊர் அது. சோளமும் அவரையும் பூசணியும் பயிரிடுவார்கள். கடலில் மீன் பிடிப்பார்கள். குளிர்காலம் வந்தால் உள்நாட்டுக் காடுகளில் வேட்டை. 1605-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான சாம்பிளேன் அந்தத் துறைமுகத்தைப் படம் வரைந்து வைத்தார். கரை நெடுக வீடுகளும் கொல்லைகளும் அதில் காணப்படுகின்றன. ஆளில்லாத வெறுங்காட்டை வெள்ளையர் நாடாக்கினர் என்று சொல்வோர் அந்தப் படத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஐரோப்பியக் கப்பல்கள் அந்த மக்களுக்குப் புதியவை அல்ல. மீன் பிடிக்கவும், விலங்குத் தோல் வாங்கவும் அடிக்கடி வந்து போயின.

கப்பலில் விரித்த வலை

1614-ம் ஆண்டு ஜான் ஸ்மித் என்ற ஆங்கில மாலுமி இரண்டு கப்பல்களுடன் அந்தக் கரைக்கு வந்தார். அவர் ஊர் திரும்பியபோது, மற்றொரு கப்பலின் தலைவனான தாமஸ் ஹண்ட் என்பவனை அங்கேயே விட்டுச் சென்றார். உலர்ந்த மீனை ஏற்றிக்கொண்டு ஸ்பெயின் நாட்டுக்குப் போய் விற்கவேண்டியது அவன் வேலை. மீனோடு மனிதரையும் ஏற்றினால் லாபம் அதிகம் என்று ஹண்ட் கணக்குப் போட்டான். வியாபாரம் பேசலாம் என்று ஆசை காட்டிப் பட்டக்செட் மக்களைக் கப்பலுக்கு வரவழைத்தான். ஏறியவர்களைக் கீழ்த்தளத்தில் அடைத்தான். அந்த ஊரிலிருந்து சுமார் 20 பேர், பக்கத்து நாசெட் பகுதியிலிருந்து 7 பேர். ஸ்குவாண்டோவும் அதில் ஒருவர்.

ஸ்பெயினின் மலாகா துறைமுகத்தில் அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். சிலரை விற்பதற்குள் உள்ளூர்க் கிறிஸ்தவத் துறவிகள் தலையிட்டு மீட்டனர். ஸ்குவாண்டோ எப்படியோ தப்பி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஜான் ஸ்லேனி என்ற வணிகர் வீட்டில் தங்கினார். நியூபவுண்ட்லாந்து தீவில் குடியேற்றம் நடத்திய கம்பெனிக்குப் பொருளாளர் அந்த ஸ்லேனி. ஆங்கிலம் ஸ்குவாண்டோவின் நாவில் படிந்தது அந்த வீட்டில்தான்.

ஊருக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவரை விடவில்லை. கம்பெனியின் கப்பலில் நியூபவுண்ட்லாந்து வரை போனார். பட்டக்செட் அங்கிருந்தும் வெகு தூரம். அங்கே தாமஸ் டெர்மர் என்ற கப்பல் தலைவர் அவரைக் கண்டு, மறுபடி இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். 1619-ம் ஆண்டு டெர்மரின் பயணத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்து, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்குவாண்டோ தம் ஊர்க் கரையில் இறங்கினார்.

ஊர் இல்லை.

1616 முதல் 1619 வரை அந்தக் கடற்கரையை ஒரு கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. ஐரோப்பியரிடமிருந்து வந்த நோய் என்றே கருதப்படுகிறது. என்ன நோய் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பல கடலோர ஊர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். புதைக்க ஆளின்றி எலும்புகள் வெளியில் கிடந்தன. பட்டக்செட்டில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பிடித்துக்கொண்டு போனதால் உயிர் பிழைத்தவர் ஸ்குவாண்டோ. அதைப் பாக்கியம் என்பதா, வேறென்ன சொல்வது!

அதன்பின் வாம்பனோக் பெருந்தலைவரான மாசசாயிட்டின் ஆதிக்கத்தில் அவர் வாழவேண்டியதாயிற்று. ஆங்கிலேயரோடு பழகிய ஆள் என்பதால் அங்கே அவர்மீது முழு நம்பிக்கை இல்லை.

மேபிளவர் வந்தது

1620-ம் ஆண்டு இறுதியில் மேபிளவர் என்ற கப்பல் 102 பயணிகளோடு இங்கிலாந்திலிருந்து வந்தது. தங்கள் மதக் கொள்கைப்படி வாழ இடம் தேடிய குடும்பங்கள் அதில் இருந்தன. பிழைப்புத் தேடி வந்தவர்களும் கணிசமாக இருந்தனர். அவர்கள் குடியேறிய இடம் பட்டக்செட். காடு வெட்டித் திருத்திய நிலம், நல்ல தண்ணீர், குடியிருக்க ஆளில்லை. அந்த இடத்துக்குப் பிளைமவுத் என்ற பெயர் ஸ்மித்தின் வரைபடத்தில் முன்பே ஏறியிருந்தது. வழியில் நாசெட் மக்கள் மண்ணுக்குள் சேமித்து வைத்திருந்த சோளத்தையும் தோண்டி எடுத்து வந்திருந்தார்கள்.

முதல் குளிர்காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் இறந்தனர்.

1621 மார்ச்சில் சமோசெட் என்ற வேற்றினத்தார் ஒருவர் குடியிருப்புக்குள் துணிந்து நுழைந்து, அரைகுறை ஆங்கிலத்தில் வரவேற்புச் சொன்னார். அடுத்த சில நாளில் அவர் ஸ்குவாண்டோவை அழைத்து வந்தார். பின்னாலேயே மாசசாயிட்டும் வந்தார். நோயால் மாசசாயிட்டின் ஆள்பலம் குறைந்திருந்தது. மேற்கே நாரகான்செட் இனத்தாரை நோய் தொடவில்லை, அவர்கள் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த வெள்ளையரின் நட்பு அவருக்கு வேண்டியிருந்தது. ஸ்குவாண்டோ இருந்து பேச, ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று உடன்படிக்கை ஆயிற்று. 50 ஆண்டுகளுக்கு மேல் அது நின்றது. பிறகு நிலத்தகராறு முற்றி 1675-ல் போர் மூண்டது. மாசசாயிட்டின் மகன் மெடகாமெட் மறுஆண்டு கொல்லப்பட்டு, அவர் தலை அதே பிளைமவுத்தில் கம்பத்தில் ஏற்றப்பட்டது. அவருடைய சிறுவயது மகன் அடிமையாக விற்கப்பட்டான்.

ஸ்குவாண்டோ பிளைமவுத்திலேயே தங்கிவிட்டார். அது அவர் பிறந்த ஊர் அல்லவா! இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பட்டாணி வெயிலில் கருகிற்று. சோளம் பலன் தந்தது. எப்போது விதைப்பது, எப்படிக் களை எடுப்பது என்று அவர்தான் காட்டினார். இளைத்த மண்ணுக்கு மீனை உரமாகப் புதைக்கச் சொன்னார். சேற்றில் காலால் மிதித்து விலாங்கு மீன்களை வெளியேற்றி, வெறுங்கையால் பிடித்து வந்து கொடுத்தார். அந்த ஆண்டு அறுவடைக்குப்பின் நடந்த விருந்துக்கு மாசசாயிட் 90 பேருடன் வந்து, ஐந்து மான் கொடுத்து, மூன்று நாள் தங்கினார். நன்றி நாள் விழாவுக்கு மூலம் என்று அமெரிக்கர் கொண்டாடுவது இதைத்தான். லிங்கன் 1863-ல் அதைத் தேசிய அளவில் அறிவித்தார். 1970 முதல் அதே நாளில் பழங்குடி மக்கள் பிளைமவுத்தில் கூடித் துக்க நாள் அனுசரித்து வருகிறார்கள்.

நடுவில் நின்றவர்

வெளியூரில் பாஷை தெரியாதவனுக்கு, பேசித் தருகிறவன்தான் கண்ணும் காதும். அவன் சொன்னதே சேதி. ஸ்குவாண்டோவுக்கு நிலமில்லை, உறவு அநேகமாக இல்லை. அந்த இரண்டு மொழிகள்தான் சொத்து. அதை அவர் தமக்காகவும் பயன்படுத்தத் தொடங்கினார்.

வெள்ளையர் கிடங்கில் கொள்ளைநோயைப் புதைத்து வைத்திருக்கிறார்கள், நினைத்தால் திறந்துவிடுவார்கள் என்று சுற்றுப்புற ஊர்களில் சொன்னார். மண்ணுக்கடியில் இருந்ததோ வெடிமருந்துப் பீப்பாய்கள். தாம் சொன்னால்தான் சண்டையும் சமாதானமும் என்று காட்டி, வெகுமதிகள் வாங்கினார். அவர் செய்தது தவறுதான். ஆனால் அடிமையாக விற்கப்பட்டு, ஊரையே பறிகொடுத்தவர் மறுபடி ஓர் ஆளாக நிற்க முயன்றார் என்பதையும் நினைக்கவேண்டும்.

1622-ல் குட்டு வெளிப்பட்டது. மாசசாயிட்டின் ஆளாகப் பிளைமவுத்தில் தங்கியிருந்தவர் ஹாபமாக். அவரும் ஸ்குவாண்டோவும் வெள்ளையருடன் படகில் புறப்பட்ட நாளில், ஸ்குவாண்டோவின் உறவினன் ஒருவன் முகத்தில் ரத்தத்தோடு ஓடிவந்து, மாசசாயிட் தாக்க வருகிறார் என்று கூவினான். குண்டு வெடித்துப் படகைத் திரும்ப அழைத்தார்கள். பொய் என்றார் ஹாபமாக். அவர் மனைவி ரகசியமாகப் போய்ப் பார்த்தபோது, மாசசாயிட்டின் ஊர் அமைதியாக இருந்தது.

மாசசாயிட் கொதித்தெழுந்தார். உடன்படிக்கைப்படி ஸ்குவாண்டோவை ஒப்படைக்கவேண்டும் என்றார். தலையை வெட்டி எடுத்துவரத் தம் சொந்தக் கத்தியைத் தூதர்களிடம் கொடுத்தனுப்பினார். கவர்னர் பிராட்போர்டுக்கு விலையுயர்ந்த பீவர் தோல்களும் வந்தன. பிராட்போர்டு தோல்களை வாங்கவில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தை மீறவும் வழியில்லை. கூப்பிட்டதும் ஸ்குவாண்டோ ஓடாமல் வந்து நின்றார். கையளிக்கப்போகும் தறுவாயில் கடலில் அடையாளம் தெரியாத ஒரு படகு தென்பட்டது. அது யாருடையது என்று அறியும்வரை முடியாது என்று கவர்னர் சொல்லிவிட, தூதர்கள் கோபத்தோடு திரும்பினர். படகு வந்தது தற்செயல். ஆனால் ஆங்கிலம் பேசத் தெரிந்த அவரை இழக்கப் பிளைமவுத்துக்கு மனமில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் தானியம் வாங்கப் பிராட்போர்டு படகில் புறப்பட்டார். ஆபத்தான மணல்திட்டுகளுக்கிடையே தெற்கே வழிகாட்ட ஸ்குவாண்டோ போனார். அலை மிகுந்து, மனமாயிக் என்ற இடத்தில் ஒதுங்க நேர்ந்தது. முதலில் தயங்கிய அந்த ஊராரிடம் அவர் பேசி, சோளமும் அவரையும் கிடைக்கச் செய்தார். அங்கேயே காய்ச்சல் கண்டது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஆங்கிலேயரின் கடவுளிடம் தாம் சென்று சேரப் பிரார்த்திக்கும்படி கவர்னரைக் கேட்டுக்கொண்டார். தம் உடைமைகளை ஆங்கில நண்பர்களுக்கு நினைவுப் பொருளாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, சில நாளில் இறந்தார். அவரைப் புதைத்த இடம் இன்று யாருக்கும் தெரியாது.

வழிகாட்ட ஆளில்லாததால் பிராட்போர்டு தெற்கே போகும் எண்ணத்தைக் கைவிட்டுப் படகை வடக்கே திருப்பினார்.