கப்பலுக்குக் கடிகாரம் செய்த தச்சர்

1707-ம் ஆண்டு அக்டோபர் மாதம். இருண்ட இரவு. மத்தியதரைக் கடலிலிருந்து பிரிட்டிஷ் போர்க் கப்பல்கள் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தன. ஆபத்தில்லாத பாதையில் செல்கிறோம் என்றே மாலுமிகள் எண்ணியிருந்தார்கள். ஆனால் கப்பல்கள் சென்றதோ சில்லித் தீவுகளின் பாறைகளை நோக்கி! நான்கு கப்பல்கள் மூழ்கின. தளபதி சர் கிளவுட்ஸ்லி ஷவல் உள்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கடலில் தாம் இருக்கும் இடம் தெரியாததால் வந்த வினை இது. வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் பார்த்து அறியலாம். கிழக்கு மேற்காக அறிவது, அதாவது தீர்க்க ரேகையைக் காண்பது, அந்நாளில் தீராத பிரச்னையாக இருந்தது.

அதற்கும் வழி இல்லாமல் இல்லை. பூமி 4 நிமிஷத்துக்கு ஒரு டிகிரி திரும்புகிறது. கப்பலில் உச்சிவேளை ஆகும்போது, புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்தால் போதும், இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் 4 விநாடி தவறினால், பூமத்திய ரேகை அருகே ஒரு கடல் மைல் தவறிவிடும். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. வெப்பமும் குளிரும் உலோகத்தை நீட்டும், சுருக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்று 1714-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. முழுப் பரிசும் வேண்டுமானால் பிழை அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

தச்சர் மகன்

ஜான் ஹாரிசன் 1693-ல் யார்க்ஷயரில் பிறந்தவர். தகப்பனார் தச்சர். மகனும் அத்தொழிலையே கற்றார். ஆயினும் அவருடைய மனம் கடிகாரத்தை நாடியது. இருபது வயதில் மரச் சக்கரங்களைக் கொண்டே ஒரு கடிகாரம் செய்து முடித்தார்.

கப்பலுக்கான முதல் கடிகாரத்தை அவர் 1735-ல் முடித்தார். எடை சுமார் 34 கிலோ! மறு ஆண்டு அதனுடன் லிஸ்பன் சென்று திரும்பினார். திரும்பும் வழியில் தென்பட்ட கரை எது என்பதில் அதிகாரிகள் சுமார் 60 மைல் தவறியிருந்தனர். ஹாரிசன் சொன்னதே சரியாயிற்று.

இரண்டாவது கடிகாரத்தில் தாமே குறை கண்டு அதை ஒதுக்கிவிட்டார். மூன்றாவதற்காகப் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தார். அதுவும் திருப்தி தரவில்லை. வேறொருவராக இருந்தால் மனம் ஒடிந்திருப்பார்.

சிறியதே வலியது

இந்த நிலையில், தமது யோசனைப்படி லண்டன் தொழிலாளி ஒருவர் செய்த சட்டைப்பைக் கடிகாரம் மிக நன்றாக ஓடுவதை அவர் கண்டார். பெரிய கடிகாரங்கள் விநாடிக்கு ஒரு முறை துடித்தன. கப்பலின் மெதுவான ஆட்டம் அந்தத் துடிப்பைக் கலைத்தது. துடிப்பு வேகமாக இருந்தால் ஆட்டம் அதை அசைக்க முடியாது! இதை உணர்ந்த ஹாரிசன், தமது பல்லாண்டு உழைப்பை ஒதுக்கிவைத்துச் சிறிய கடிகாரத்தில் இறங்கினார்.

1759-ல் நான்காவது கடிகாரம் பிறந்தது. அகலம் 13 செண்டிமீட்டர். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. விநாடிக்கு ஐந்து துடிப்பு. பெரிய வில்லின் பலம் நேரத்துக்கு நேரம் மாறுமல்லவா? ஆகவே உள்ளே ஒரு சிறிய வில்லை வைத்தார். ஏழரை விநாடிக்கு ஒரு முறை அது தானாகவே முறுக்கேறும். துடிப்புக்கு எப்போதும் ஒரே அளவு பலம் கிடைத்தது.

1761-ல் அவர் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். எண்பத்தொரு நாட்களில் பிழை சுமார் 5 விநாடி!

கிடைக்காத பரிசு

பரிசு கைக்கு வந்ததா? இல்லை. இது தற்செயல் என்றது தீர்க்க ரேகைக் குழு. 1764-ல் பார்படோஸ் பிரயாணத்திலும் கடிகாரம் வென்றது. அப்போதும் குழு இணங்கவில்லை. கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி இரகசியத்தைச் சொன்ன பிறகே, 1765-ல் பாதித் தொகை தரப்பட்டது. சந்திரனைக் கொண்டு இடம் காணும் முறையை ஆதரித்த வான சாஸ்திரி மாஸ்கலின் அக்குழுவில் இருந்தார். கடிகாரத்தை கிரீனிச்சில் சோதித்தவரும் அவரே. அவர் கொடுத்த அறிக்கை சாதகமாக இல்லை.

கடைசியில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தலையிட்டார். ஹாரிசனின் ஐந்தாவது கடிகாரத்தை 1772-ல் தமது வானாராய்ச்சி நிலையத்திலேயே சோதித்து, அதன் திறமையைக் கண்டார். 1773-ல் பார்லிமெண்ட் 8,750 பவுன் வழங்கியது. அப்போது ஹாரிசனுக்கு வயது எண்பது. குழுவின் முழுப் பரிசு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஆனால் நான்காவது கடிகாரத்தின் பிரதி ஒன்று காப்டன் குக்குடன் 1772 முதல் 1775 வரை கடல்களைச் சுற்றி, அவருடைய நம்பிக்கையைப் பெற்றது. 1776 மார்ச் 24-ந் தேதி ஹாரிசன் காலமானார்.

இன்று கைக்கடிகாரத்தில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சலவை இயந்திரத்திலும் கைப்பேசியிலும் உள்ள சில்லுகள் இன்னும் வேகமான துடிப்புகளை எண்ணுகின்றன. குறித்த எண்ணிக்கை வந்ததும், உறங்கும் வேலையைத் தட்டி எழுப்புகின்றன. துடிப்பு நுண்ணியதாக இருந்தால் காலம் தவறாது. குறித்த நேரத்தில் குறித்த வேலை தானாக நடக்க வேண்டும். கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு தச்சர் இவ்விரண்டையும் பித்தளைச் சக்கரங்களாலும் எஃகு வில்லாலும் அன்றே செய்து காட்டினார். அவருடைய முதல் நான்கு கடிகாரங்களும் கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தில் காப்பாற்றப்பட்டு வருகின்றன.