இரத்தம் மறக்காத முதற் காய்ச்சல்: தோமஸ் பிரான்சிஸின் கதை

1946 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு இன்புளுவன்சாத் தடுப்பூசி போடப்பட்டது. அந்த ஊசியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தோமஸ் பிரான்சிஸ். மூன்று வருடங்களுக்கு முன்னர் இராணுவத்தினரிடையே பரிசோதித்து, பலன் தருகிறது என்று காட்டப்பட்ட ஊசி அது. 1947 இன் தொடக்கத்தில் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டவர்களும் படுத்தார்கள், போடாதவர்களும் படுத்தார்கள். இரு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தபோது சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை.

தன் பெயரோடு சேர்ந்திருந்த ஊசி தோற்றுப்போனதை பிரான்சிஸ் மறைக்கவில்லை. அந்த வருடமே தன் சகாக்களுடன் சேர்ந்து கணக்கை அச்சில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் இன்புளுவன்சா ஊசியின் உள்ளடக்கம் வருடாவருடம் மீளாய்வு செய்யப்படுவதற்கான காரணம் அந்தத் தோல்வியில்தான் தெளிவாகத் தெரிய வந்தது. அவருடைய பெயர் இன்று பலருக்குத் தெரியாது. அவரிடம் பயிற்சி பெற்ற ஜோனாஸ் சால்க்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

பிரான்சிஸ் 1900 ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் பிறந்து, பென்சில்வேனியாவில் வளர்ந்தார். தகப்பனார் உருக்காலையில் வேலை செய்தவர். மெதடிஸ்த சபையில் பிரசங்கமும் செய்தவர். மகன் யேல் பல்கலைக்கழகத்தில் 1925 இல் வைத்தியப் பட்டம் பெற்று, நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவகத்தில் சேர்ந்தார். அங்கு முதலில் நிமோனியாவை ஆராய்ந்தார். நிமோனியாக் கிருமியின் மேலுறையில் உள்ள மாச்சத்து போன்ற ஒரு பொருளை மாத்திரம் பிரித்தெடுத்து மனிதருக்கு ஏற்றினாலே இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் உருவாகின்றன என்பதை அவரும் வில்லியம் ரில்லற்றும் காட்டினார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடித்து முடக்குவதற்கு உடல் செய்துகொள்ளும் புரதங்களே பிறபொருளெதிரிகள். ஒவ்வொன்றும் தனக்குரிய கிருமியை மட்டுமே அடையாளம் காணும். பிரான்சிஸின் வாழ்நாள் வேலை முழுவதும் இந்தப் புரதங்களைச் சுற்றியே அமைந்தது.

1918 இல் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற இன்புளுவன்சாவுக்கு எது காரணம் என்பது பதினைந்து வருடங்களாக எவருக்கும் திடமாகத் தெரியாது. பற்றீரியா என்றே பலர் நம்பினார்கள். 1933 இல் இலண்டனில் வில்சன் சிமித், அன்றூஸ், லெயிட்லோ ஆகிய மூவரும் கீரியை ஒத்த பெரற் என்ற சிறு விலங்கில் நோயை உண்டாக்கி, இது வைரசு என்று காட்டினார்கள். அடுத்த வருடமே போர்ட்டோ ரிக்கோ தீவில் பரவிய காய்ச்சலின் மாதிரிகளிலிருந்து பிரான்சிஸ் நியூயோர்க்கில் அந்த வைரசைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் அதைச் செய்த முதலாமவர் அவரே. பிறகு 1940 இல், பழைய வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் எதற்கும் அசையாத இன்னொரு வைரசைக் கண்டுபிடித்தார். ஏ, பி என்று இன்றும் நாம் வகை பிரிப்பது அங்கிருந்து வந்ததே.

1941 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அதே வருடம் இராணுவத்தின் இன்புளுவன்சா ஆணைக்குழுவுக்கும் தலைவரானார். முதலாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினர் சுமார் 45,000 பேர் இந்தக் காய்ச்சலாலும் அதைத் தொடர்ந்த நிமோனியாவாலும் இறந்திருந்தார்கள். நெருக்கியடித்த முகாம்களில் அது எப்படிப் பரவும் என்பதை இராணுவம் மறக்கவில்லை. ஒரே கூடாரத்துக்குள் பல குடும்பங்களாக இருந்து பார்த்த நமக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

கோழி முட்டைக்குள் வைரசை வளர்த்து, செங்குருதிக் கலங்களில் ஒட்டவைத்துப் பிரித்து, போர்மலினால் கொன்று ஊசியாக்கினார்கள். 1943 இல், பல்கலைக்கழகங்களில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளம் படையினர் சுமார் 12,500 பேரில் பாதிப் பேருக்கு ஊசியும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசியும் போடப்பட்டன. சில வாரங்களில் காய்ச்சல் பரவியது. போலி ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு ஏழு பேரளவில் நோயுற்றார்கள். மருந்து பெற்றவர்களில் இரண்டு பேரளவில் மட்டுமே. 1945 இல் படையினருக்கும் 1946 இல் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது.

இந்த வெற்றிக்கு முன்னால் இன்னொரு அத்தியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் இவருடைய கதையை எழுதுவது நியாயமாகாது. 1942 இல் மிச்சிகனின் இப்சிலான்றி அரச மனநல வைத்தியசாலையில் இருந்த ஆண் நோயாளர்களுக்கு பிரான்சிஸ், சால்க் குழுவினர் ஊசி போட்டார்கள். சில மாதங்கள் கழித்து, ஊசி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் உயிருள்ள வைரசை வேண்டுமென்றே சுவாசிக்க வைத்தார்கள். ஊசி பெற்றவர்களில் குறைவானோரே நோயுற்றார்கள். அறிவியல் என்ற அளவில் தெளிவான முடிவு. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால், மனநோயோடு இருந்த மனிதர்கள் தங்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்று எந்தளவுக்கு விளங்கிக்கொண்டிருப்பார்கள்? அக்காலத்தில் இது வழமைதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வழமை என்பது உண்மை. அந்த வழமையைத் தாங்கியவர்கள் எப்போதும் மறுக்க வலுவில்லாதவர்களாகவே இருந்தார்கள் என்பதும் உண்மை.

இனி 1947 க்குத் திரும்பலாம். அந்த வருடம் பரவிய வைரசு, ஊசிக்குள் இருந்த 1930 களின் ஏ வைரசிலிருந்து வெகுதூரம் மாறிப்போயிருந்தது. பழைய வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உடலில் நிறைய இருந்தன. ஆனால் புதியதை அவற்றால் சரிவர அடையாளம் காண முடியவில்லை. அதன்பின் பிரான்சிஸும் சகாக்களும் பல வயதினரின் இரத்தத்தைச் சேகரித்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். 1953 இல் வெளியான அந்த ஆய்வு வியப்பானது. சிறுவர்களின் இரத்தத்தில் அண்மைய வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மேலோங்கியிருந்தன. இளவயதினரில் 1930 களின் வைரசுக்கு எதிரானவை. 1918 ஐ ஒட்டிய காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களிலோ, அக்காலக் காய்ச்சலோடு உறவுள்ள பன்றி இன்புளுவன்சா வைரசுக்கு எதிரானவை. இரத்தத்தைப் பார்த்தே ஒருவர் எந்தக் காய்ச்சலின் காலத்தில் பிள்ளையாக இருந்தார் என்று கணிக்கக்கூடியதாக இருந்தது.

அதற்கும் மேலாக, புதிய வைரசு தாக்கும்போதும் உடல் பல வேளைகளில் முதன்முதலில் சந்தித்த வைரசுக்குரிய பிறபொருளெதிரிகளையே அதிகமாக எழுப்பியது. முன்னால் நிற்பவன் வேறு ஆள். உடல் எதிர்ப்பது பிள்ளைப் பருவத்தில் வந்தவனை. 1960 இல் இதற்கு மூல பிறபொருள் பாவம் என்ற பொருள்படப் பெயரிட்டார். பிரசங்கியின் மகன் வைக்கக்கூடிய பெயர்தான். கொவிட் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட ஊசிகள் பற்றி விவாதித்தவர்கள் இந்தச் சொல்லைத்தான் மீண்டும் தூசு தட்டி எடுத்தார்கள்.

1954 இல் சால்க் உருவாக்கிய போலியோத் தடுப்பூசியைச் சோதிக்கும் பொறுப்பு குருவான பிரான்சிஸிடம் வந்தது. இடையில் எவரும் தலையிடக்கூடாது, கணக்கு முடியும்வரை எவருக்கும் எதுவும் சொல்லப்படமாட்டாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். சால்க் போலி ஊசியை விரும்பவில்லை. பிள்ளைகளுக்கு வெறும் நீரைக் கொடுப்பதா என்பது அவருடைய மனக்குறை. பிரான்சிஸ் விட்டுக்கொடுக்கவில்லை. சோதனையில் சம்பந்தப்பட்ட பிள்ளைகள் சுமார் 18 இலட்சம். ஒரு பகுதியில் தலா சுமார் 2 இலட்சம் பேர் உண்மை ஊசியும் போலி ஊசியும் பெற்றார்கள். 1955 ஏப்ரல் 12 அன்று பிரான்சிஸ் ஆன் ஆர்பரில் மேடையேறி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அட்டவணைகளை விளக்கினார். கைகால் முடங்கும் போலியோவை இந்த ஊசி 80 முதல் 90 வீதம் வரை தடுக்கிறது என்றது அறிக்கை. ஊர்களில் தேவாலய மணிகள் அடித்தன. புகழ் சால்க்குக்குப் போனது.

அதே வருட இறுதியில் அவர் ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போனார். அணுகுண்டில் உயிர் தப்பியோரை ஆராய அமெரிக்கா அமைத்திருந்த ஆணைக்குழு அப்போது தடுமாறிக்கொண்டிருந்தது. பரிசோதிக்கிறார்களே தவிர வைத்தியம் செய்வதில்லை என்ற கசப்பு மக்களிடம் இருந்தது. எவரை எதற்காகப் பார்க்கிறோம் என்ற ஒழுங்கும் ஆய்வில் இல்லை. பிரான்சிஸின் குழு சொன்னது இதுதான்: வருபவர்களை மட்டும் பார்க்காதீர்கள், 1950 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டைக் கொண்டு ஆட்களின் பெயர்ப்பட்டியலை நிரந்தரமாக்குங்கள், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று பதியுங்கள், சாகும்வரை பின்தொடருங்கள். அவ்வாறு தொடங்கிய சுமார் 1 இலட்சத்து 20 ஆயிரம் பேரின் பட்டியல் இன்றும் பின்தொடரப்படுகிறது. கதிர்வீச்சும் புற்றுநோயும் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. வைத்தியம் இல்லை என்ற கசப்பை அந்தப் பட்டியல் தீர்க்கவில்லை. ஆயினும் யுத்தத்தில் அகப்பட்டவர்களைப் பெயர் பெயராகப் பதிந்து, எண்ணிக்கையைச் சர்ச்சையாக விடாமல் வைத்திருந்த நாடுகள் அதிகம் இல்லை. நமக்கு அது கிடைக்கவில்லை.

பிரான்சிஸ் 1969 ஒக்டோபர் 1 அன்று ஆன் ஆர்பரில் காலமானார். 1934 இல் அவர் பிரித்தெடுத்த போர்ட்டோ ரிக்கோ வைரசு இன்னும் ஆய்வுகூடங்களில் இருக்கிறது. முட்டைக்குள் நன்றாகப் பெருகும் குணம் அதற்கு உண்டு என்பதால், புதிய இன்புளுவன்சா ஊசிகளுக்கான வித்து வைரசுகள் பலவற்றை அதனோடு கலந்தே உருவாக்குகிறார்கள்.