சரளி வரிசை தந்த புரந்தரதாசர்

லோபாக்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் படிவம் ஒன்று, இரண்டு மாணவர்களுக்கு நான் இசை சொல்லிக் கொடுக்கிறேன். போன வருஷம் திருவிழாவுக்குப் பாட்டு வேணும் என்ற அவசரத்தில், சரளி வரிசையைத் தாண்டி நேரே மூன்று பாட்டுகளைக் கற்றுக்கொடுத்துவிட்டேன். மேடையில் மிருதங்கம் சேர்ந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டார்கள். தாளத்தை எங்கே பிடிப்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தப்பு பிள்ளைகளோடது இல்லை, என்னோடது. அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தவர் புரந்தரதாசர். நம் இளையோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

அவர் 1484-ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது மரபு. இயற்பெயர் சீனிவாச நாயக்கர். தொழில் நகை வியாபாரம். நவகோடி நாராயணன் என்று ஊரே கூப்பிடும் அளவுக்குப் பணம். ஆனால் கை மட்டும் நீளாது. மகனின் பூணூல் சடங்குக்கு உதவி கேட்டு வந்த ஓர் ஏழையை, நாளை வா, நாளை வா என்று அலையவிட்டார். அந்த ஏழை அவர் மனைவி சரசுவதியிடம் போனார். அந்த அம்மாள் தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதை விற்க ஏழை வந்து சேர்ந்ததோ சீனிவாசர் கடைக்கே! நகையை அடையாளம் கண்ட அவர், அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி, மூக்குத்தி எங்கே என்று கேட்டார். அம்மாள் கலங்கி இறைவனை வேண்ட, கையிலிருந்த கிண்ணத்தில் அதே மூக்குத்தி விழுந்தது. கடைக்குத் திரும்பிப் பார்த்தால் பெட்டி காலி. தேடி வந்தவர் யார் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

சொத்து முழுவதையும் தானம் செய்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறினார். விஜயநகரத்தில் வியாசதீர்த்தரிடம் தீட்சை பெற்றுப் புரந்தரதாசர் ஆனார். கையில் தம்பூரா, காலில் சலங்கை. தெருத்தெருவாகப் பாடி, கிடைத்த அரிசியில் வாழ்ந்தார். பண்டிதர்களுக்கு மட்டும் புரியும் மொழியில் பாடாமல், சாதாரண மக்கள் பேசும் கன்னடத்தில் பாடினார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் புரந்தர விட்டலன் பெயரை முத்திரையாக வைத்தார்.

பாடத் தெரிந்தவர் எத்தனையோ பேர். ஆனால் முதல் நாள் வந்து உட்காரும் பிள்ளைக்கு எதை முதலில் கொடுப்பது என்று யோசித்தவர் அவர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு தாள அலங்காரம், கீதம் என்ற படிக்கட்டை அமைத்தவர் அவரே என்பது சங்கீத உலகம் ஏற்றுக்கொண்ட மரபு. அதனால்தான் அவருக்குக் கர்நாடக சங்கீத பிதாமகர் என்று பெயர்.

அந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் பாருங்கள். ஆரம்பப் பாடத்துக்கு அவர் எடுத்தது மாயாமாளவகௌளை ராகம். அதில் ஸ ரி க ம என்ற நான்குக்கும் இடையே உள்ள தூரம்தான் ப த நி ஸ என்ற நான்கிலும் இருக்கிறது. பாதியைப் பிடித்தால் மீதி தானாக வரும். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டி வீசு, தட்டி வீசு, மொத்தம் எட்டு. எட்டு எண்ணிக்கைக்கு எட்டு சுரம். இரண்டாம் காலத்தில் அதே எட்டுக்குள் 16 சுரம், மூன்றாம் காலத்தில் 32. கை வேகம் மாறக்கூடாது, வாய் மட்டும் மாற வேண்டும். சுரமும் தாளமும் ஒன்றாகவே உடம்பில் ஏறிவிடும். ஜண்டை வரிசையில் ஒவ்வொரு சுரமும் இரட்டையாக வரும், இரண்டாவதை அழுத்த வேண்டும். அலங்காரத்தில் எண்ணிக்கை 14, 10, 6, 7 என்று தாளத்துக்குத் தாளம் மாறும். அதன் பிறகுதான் மலகரி ராகத்தில் பிள்ளையார் மேல் கீதம், அதாவது முதல் பாட்டு.

புத்தகத்தில் சுரம் எழுதிப் படிப்பதெல்லாம் பிற்காலத்தில் பரவிய பழக்கம். இன்று 'ஸ' என்றால் ஒரு எண்ணிக்கை, 'ஸா' என்றால் இரண்டு. மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி என்று எழுதிக் காட்டுகிறேன். தொடக்கப் பள்ளியில் ரெக்கார்டர் ஊதி டோ ரே மி படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

1564-இல் ஹம்பியில் அவர் மறைந்தார். அங்கே துங்கபத்திரைக் கரையில் புரந்தர மண்டபம் இன்றும் நிற்கிறது. இரண்டு நூற்றாண்டுக்குப் பின் வந்த தியாகராஜரும் தம் பிரகலாத பக்தி விஜயத்தில் அவரை வணங்கியிருக்கிறார்.

திருவிழா முடிந்த மறுவாரமே நாங்கள் முதல் சரளியிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு பேர் சலிச்சுப்போய் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் இப்போது மூன்றாம் காலத்தில் தாளம் தப்பாமல் பாடுகிறார்கள். நவகோடியை ஒரே நாளில் விட்டவர், பிள்ளைகளுக்கு மட்டும் ஒவ்வொரு சுரமாகப் பொறுமையாய் எண்ணிக் கொடுத்தார். அந்தப் பொறுமை எனக்குத்தான் இல்லாமல் போயிற்று.

தை அமாவாசை அவருடைய ஆராதனை நாள். அன்று உங்கள் கிளையில் பெரிய கச்சேரி எதுவும் வேண்டாம். பிள்ளைகளை உட்காரவைத்து, முதல் சரளி வரிசையை மூன்று காலத்திலும் ஒருமுறை பாடவையுங்கள். அவருக்கு அதுவே போதும்.