விதை திரட்டிய வித்தகர்

நல்ல செடியைத் தெரிந்தெடுக்க வேண்டுமாயின், வேறுபட்ட செடிகள் பல கண்முன் நிற்றல் வேண்டும். இவ்வுண்மைக்கே வாழ்வை ஈந்தவர் உருசிய அறிஞர் நிக்கொலாய் வாவிலோவ்.

1887ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்த இவர், பயிர்களின் மரபு வேறுபாடு உலகெங்கும் ஒரே அளவில் பரவவில்லை எனக் கண்டார். ஒரு பயிர் தோன்றிய நிலத்திலேயே அதன் வகைகள் மிகுதியாகக் காணப்படும் என்று 1926இல் நிறுவினார். 1924இல் ஆப்கானிஸ்தானிலும், 1932இல் உருளைக்கிழங்கின் தாயகமாகிய ஆண்டிஸ் மலைநாட்டிலும் பயணம் செய்தார். பனியையும் நோயையும் தாங்கும் காட்டுக்கிழங்குகளைப் பயிரிடும் வகைகளோடு கலந்து, பிறக்கும் வழித்தோன்றல்களுள் வேண்டிய பண்புடையவற்றையே தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தால் புதிய வகைகள் கிட்டும். அதற்குரிய மூலதனமாகவே அவர் திரட்டிய விதைகளும் கிழங்குகளும் லெனின்கிராடு நிறுவனத்தில் குவிந்தன.

மரபியலை மறுத்த லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு வாய்த்தது. 1940இல் வாவிலோவ் சிறைப்பட்டார். நகரம் முற்றுகையுற்றபோது, அவருடைய உடனுழைப்பாளர் சிலர் விதைகளைக் காத்தவாறே பசியால் மாண்டனர், விதைகளை உண்ணவில்லை. உலகின் பசி தீர்க்க முயன்ற அவரும் 1943 சனவரியில் சரத்தோவ் சிறையில் உணவின்றி நலிந்து மறைந்தார். 1955இல் அவர்மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. அவர் திரட்டிய வித்துகளோ, பயிர் வளர்ப்போர்க்கு அழியாச் செல்வமாய் இன்றும் நிற்கின்றன.