தாயகம் நினைந்த வயலின்

பிறந்த மண்ணைப் பிரிந்தவர்க்கே அதன் அருமை முழுதும் விளங்கும் என்பர். சீனத்தின் வயலின் மேதை மா சிசோங் அவர்களோ, தாம் பிரிவதற்கு முப்பதாண்டுகள் முன்னரே அப்பிரிவுத் துயருக்கு இசை வடித்து வைத்தவர்.

1912-ஆம் ஆண்டு குவாங்டொங் மாநிலத்து ஹைஃபெங்கில் பிறந்த அவர், பதினோராம் வயதில் தமையனாருடன் பிரான்சு நாடு சென்றார். நான்சியிலும் பாரிசிலும் வயலின் பயின்று 1929-இல் தாயகம் திரும்பினார். மேடைகள் வரவேற்றன. ஆயினும் அப்புகழில் நிறைவு காணாது, மீண்டும் பாரிசு சென்று இசையமைப்பும் கற்று 1932-இல் மீண்டார்.

மேலைநாட்டுக் கருவியிலே சீன மண்ணின் குரலை ஒலிக்கச் செய்ததே அவரது தனிப்பெருஞ் சாதனையாகும். சுயுவான் பகுதி நாட்டுப்பாடல் மெட்டொன்றைக் கொண்டு 1937-இல் அவர் இயற்றிய ‘தாயக நினைவு’, ஜப்பானியப் படையெடுப்பால் வீடு வாசல் இழந்து அலைந்த மக்களின் நெஞ்சை உருக்கிற்று. பின்னர் வெளிநாடு வாழ் சீனர்க்கான வானொலி ஒலிபரப்பின் தொடக்க இசையாகவும் அது விளங்கிற்று.

1949-இல் மக்கள் குடியரசு மலர்ந்தபின், மத்திய இசைக் கல்லூரியின் முதல் தலைவர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. ஆனால் 1966-இல் மூண்ட பண்பாட்டுப் புரட்சி அப்பெருமையையே குற்றமாக்கியது. கற்பித்த வளாகத்திலேயே, மாணவர் கண்முன்னே அவர் அடிக்கப்பட்டார், அவமதிக்கப்பட்டார். ‘மா’ என்னும் குடும்பப் பெயர் சீன மொழியில் குதிரையைக் குறிக்கும். அதனால் புல் தின்னுமாறும் வற்புறுத்தப்பட்டார். ஆசிரியரை இகழ்ந்து ஒரு தலைமுறை எதனைக் கற்றுவிட முடியும்?

1967 சனவரியில் மனைவி மக்களுடன் படகேறி இரகசியமாக ஹாங்காங் அடைந்து, அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தார். துரோகி என்று முத்திரை குத்தப்பட்டார். அவர் தப்பியதன் விலையை, பின்தங்கிய உற்றார் உறவினர் விசாரணையாகவும் சிறையாகவும் செலுத்த நேர்ந்தது. அவ்வேதனை அவரை விட்டு அகலவில்லை. எனினும் அவர் கலையைக் கைவிடவில்லை. உய்குர் முசுலிம் மக்களின் காதற்கதையைத் தழுவி ‘ரெபியா’ என்னும் இசை நாடகம் படைத்தார்.

1985-இல் சீன அரசு பழியை நீக்கியது. ஆனால் தாயகம் காணாமலே 1987-இல் பிலடெல்பியா நகரில் அவர் உயிர் நீத்தார். 2007-இல் அவரது அஸ்தி மட்டும் குவாங்சோவுக்குத் திரும்பியது. நீதி பிந்தி வந்தது. இசையோ முன்னரே ஊர் திரும்பி, மக்கள் உள்ளத்தில் குடிகொண்டிருந்தது.