இயற்கையைப் படித்த மா. கிருஷ்ணன்

விலங்குகளையும் பறவைகளையும் காண வேண்டுமானால் அடர்ந்த காட்டுக்குள் செல்ல வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். கூரையில் வந்தமரும் காகமும், சுவரில் ஊரும் பல்லியும், மரத்தில் தாவும் அணிலும்கூட ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கத் தக்கவையே. இதைத் தம் வாழ்க்கையால் உணர்த்தியவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தமிழின் தொடக்கக்கால நாவல்களுள் ஒன்றான ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா இவருடைய தந்தை. எட்டுப் பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. அக்காலத்தில் அங்கே புதர்க்காடுகள் இருந்தன. நரிகளும் பலவகைப் பறவைகளும் திரிந்தன. சிறுவன் கிருஷ்ணனுக்கு அந்தப் புதர்க்காடே விளையாட்டுத் திடல். வீட்டில் கீரிப்பிள்ளை ஒன்றையும் வளர்த்தார். 1925இல் தந்தை காலமானபோது அவருக்கு வயது பதின்மூன்று.

பள்ளியிலும் கல்லூரியிலும் கிருஷ்ணன் முதல் மாணவராகத் திகழவில்லை. எனினும், சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசன் அவருக்கு வாய்த்தார். பேராசிரியருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளை நேரில் கண்டு கற்றார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார். பின்னர்ச் சட்டமும் படித்தார். ஆனாலும், அவருடைய மனம் நீதிமன்றத்தை நாடவில்லை.

1942இல் சண்டூர் என்னும் சிறிய அரசில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். ஓய்வு நேரங்களில் சுற்றியிருந்த குன்றுகளில் நடந்து திரிந்தார். பிறகு அந்த அரசு இந்தியாவுடன் இணைந்தது; கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். குடும்பத்தைக் காக்க நிலையான வருமானம் தேவைப்பட்ட காலம் அது. இருப்பினும், அவர் வேறு வேலை தேடிக்கொள்ளவில்லை. எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். 1950இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ என்னும் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிய தொடர் ஒன்றைத் தொடங்கினார். தாமே வரைந்த படங்களுடன் அதை 46 ஆண்டுகள் எழுதினார்.

பருவங்களின் மாற்றத்தை அறிய அவர் நாள்காட்டியை மட்டும் நம்பவில்லை. கண்ணையும் காதையும் நம்பினார். சென்னையில் பங்குனி, சித்திரை மாதங்களில் வேம்பு பூக்கும். குயில் ஓயாமல் கூவும். அப்படிக் கூவுவது கரிய நிற ஆண் குயிலே. புள்ளிகள் நிறைந்த பெண் குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. காகங்கள் கூடு கட்டும் காலமும் குயில் கூவும் காலமும் ஒன்றாக அமைவது இதனால்தான். மழைக்காலத்தில் குயிலின் குரல் அடங்கிவிடும். அது ஊரைவிட்டே போய்விட்டது எனப் பலர் எண்ணுவர். பொறுமையுடன் தேடுபவருக்கு அது இலை மறைவில் அமைதியாக அமர்ந்திருப்பது தெரியும்.

காட்டு விலங்குகளையும் கிருஷ்ணன் இதே பொறுமையுடன் ஆராய்ந்தார். யானைகளைக் காண முதுமலைக் காட்டுக்குப் பலமுறை சென்றார். பல பாகங்களைப் பொருத்தித் தாமே உருவாக்கிய கேமராவால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். 1968இல் அவருக்கு நேரு ஆய்வு நல்கை வழங்கப்பட்டது. இந்திய வனவிலங்கு வாரியத்திலும் பல ஆண்டுகள் பணியாற்றினார். அழகுக்காக வெளிநாட்டு மரங்களை நடுவதை அவர் எதிர்த்தார். மண்ணுக்குரிய மரங்கள் குறைந்தால் அவற்றை நம்பி வாழும் பறவைகளும் பூச்சிகளும் குறையும் என்பதே அவருடைய கவலை. அவருடைய பணிக்காக இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

ஆங்கிலத்தில் புகழ்பெற்றபோதும் கிருஷ்ணன் தமிழை மறக்கவில்லை. சங்கப் புலவர்கள் விலங்குகளையும் தாவரங்களையும் கூர்ந்து நோக்கிப் பாடியிருப்பதை வியந்து போற்றினார். தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும் கட்டுரைகள் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் பின்னாளில் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் மறைந்தார். அன்றைய நாளிதழிலும் அவருடைய கட்டுரை வெளிவந்திருந்தது. கடைசி நாள்வரை அவர் பார்ப்பதையும் எழுதுவதையும் நிறுத்தவில்லை.

கிருஷ்ணன் சென்னையில் கண்டவற்றுக்கு இணையான காட்சிகள் மலேசியாவிலும் உள்ளன. பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரின் நடுவே சுங்கை பினாங் ஆறு ஓடுகிறது. அந்த நகரிலும் குயில் கூவுகிறது. காகம் கூடு கட்டுகிறது. வறண்ட நாள்களுக்குப் பின் மழை பெய்ததும் அங்சானா மரங்கள் பூத்துச் சாலையோரங்களை மஞ்சளாக்குகின்றன. குளிருக்கு அஞ்சி வடக்கிலிருந்து மலேசியாவுக்கு வந்த பறவைகள், அங்கே இளவேனில் தொடங்கும்போது தாயகம் திரும்புகின்றன. முதல் பூ மலர்ந்த நாளையும் முதல் குயிலோசை கேட்ட நாளையும் ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதி வந்தால் போதும். அந்த ஊரின் பருவங்கள் தெளிவாகப் புலப்படும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கிருஷ்ணனிடம் இருந்த பொறுமை வேண்டும்.