ரெசிஸ்டன்ஸ் பாக்ஸும் ஒரு மேதையும்

நம்ம மெஷர்மெண்ட்ஸ் லேபில் வீட்ஸ்டன் பிரிட்ஜ் பரிசோதனைக்கு டெகேட் ரெசிஸ்டன்ஸ் பாக்ஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்துவிடும். அவர்தான் நிகோலா டெஸ்லா. காந்தப்பாய அடர்த்தியின் அலகாக நாம் மனப்பாடம் செய்கிறோமே, அதே டெஸ்லா!

1856 ஜூலை 10-ம் தேதி, இன்றைய குரோஷியாவில் இருக்கும் ஸ்மில்யான் என்ற சிற்றூரில், ஒரு செர்பியப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 1884-ல் அமெரிக்கா போய், கொஞ்ச நாள் எடிசனிடம் வேலை பார்த்தார். 1888-ல் பாலிஃபேஸ் ஏ.சி. மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஏ.சி. முறையில்தான் 1896-ல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. இதற்கு முன்பே, 1891-ல் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். இந்த வருஷத்தை மட்டும் மறந்துடாதீங்க.

பிறகு சோதனைகள்தான். 1895-ல் லேப் தீக்கிரையானது. கம்பியில்லாமல் செய்தியும் மின்சாரமும் அனுப்பக் கட்டிய வார்டன்கிளிஃப் கோபுரம், கடனில் கைவிட்டுப் போய் 1917-ல் இடிக்கப்பட்டது. கல்யாணமும் இல்லை, சொந்த வீடும் இல்லை. ஓட்டல் ஓட்டலாக மாறினார். 1934-ல், விமானங்களைத் தூரத்திலிருந்தே வீழ்த்தும் துகள்கற்றை ஆயுதம் ஒன்றைப் பற்றி அறிவித்தார். பத்திரிகைகள் அதற்கு மரணக் கதிர் என்று பெயர் வைத்துப் பரபரப்பாக்கின.

1943 ஜனவரி 7. உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். நியூயார்க்கர் ஓட்டலின் 3327-ம் எண் அறையில், 86 வயதில், தனியாகவே கண்ணை மூடினார். இரண்டே நாளில் அரசாங்கம் வந்துவிட்டது. அவருடைய பெட்டிகள், குறிப்புகள், கருவிகள் எல்லாம் கைப்பற்றப்பட்டுச் சீல் வைக்கப்பட்டன. எடுத்தது யார் தெரியுமா? அயல்நாட்டார் சொத்துக்களைக் கவனிக்கும் அலுவலகம்! 51 வருஷம் அந்நாட்டுக் குடிமகனாக வாழ்ந்தவர் அயல்நாட்டாரா? அவர்மேல் வழக்கு உண்டா, குற்றச்சாட்டு உண்டா? ஒன்றும் கிடையாது.

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ட்ரம்ப் வந்து காகிதங்களைச் சோதித்தார். பெரும்பாலும் வெறும் ஊகங்களும் சிந்தனைகளும்தான், எதிரி கையில் கிடைத்தாலும் ஆபத்தில்லை என்று அறிக்கை கொடுத்தார். இன்னொரு ஓட்டலில், பில் பாக்கிக்கு ஈடாக டெஸ்லா கொடுத்து வைத்திருந்த பெட்டி ஒன்றும் இருந்தது. அதைத் திறந்தால் ஆபத்து என்று அவரே சொல்லி வைத்திருந்தாராம். பயந்து பயந்து திறந்தால்... உள்ளே ஒரு ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ்! நம்ம லேபில் இருக்கிற அதே சமாச்சாரம்.

சரி, ஆபத்தில்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தார்களா? அதுதான் இல்லை. யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த அவருடைய சகோதரி மகன் சாவா கொசானோவிச்தான் வாரிசு. அவர் வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 1950-களின் தொடக்கத்தில்தான் அந்தப் பெட்டிகள் பெல்கிரேடு போய்ச் சேர்ந்தன. இன்று அங்கே அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன.

போர்க்காலத்தில் அரசாங்கம் ஜாக்கிரதையாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தேகப்பட ஒரு நிமிஷம் போதும், எடுத்ததைத் திருப்பித்தர ஒன்பது வருஷம் என்றால் அது நியாயமா? ஒரே ஒரு ரெக்கார்டு நோட்டை எவனாவது எடுத்துக்கொண்டு போனாலே நாம் என்ன பாடுபடுகிறோம்! இது ஒரு மனிதனின் ஆயுள் உழைப்பு.

அடுத்த முறை அந்தப் பாக்ஸின் குமிழைத் திருகும்போது, அந்தத் தனிமனிதரை ஒரு கணம் நினையுங்கள் நண்பர்களே!